எட்டுக் கல் தூரம்

"ஏன் அண்ணி, ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கிறதுக்கா இந்தப் பட்டுப்புடவை?" என்று கேட்டுவிட்டு மங்கையர்க்கரசி சிரித்தாள்.

"புனிதா வயித்துல இருக்கிறப்ப வளைகாப்புக்கு எடுத்ததுடி இது. பெட்டியிலேயே கிடந்து மடிப்பு விட்டுப் போவுது" என்றாள் ராஜம்.

மங்கை சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த வீட்டில் புனிதா என்ற பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லி வெகு நாளாகியிருந்தது. இன்றைக்கு அண்ணியே சொல்கிறாள். அதுவும் முகம் வாடாமல் சொல்கிறாள்.

விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ராஜத்தின் புருஷன் உத்திராபதி காக்கி அரைக்கால் சட்டையும் கான்வாஸ் ஜோடுமாகப் படியிறங்கிப் போய் அரைமணி ஆகிறது. போகும்போது திட்டமாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"நீங்க ரெண்டு பேரும் அங்க வர வேணாம். எட்டு கிலோமீட்டரும் ஓடிட்டேன்னா பஸ்ஸுல திரும்பி வருவேன். ஓட முடியலைன்னாலும் பஸ்ஸுலதான் வருவேன்."

ராஜம் தலையை ஆட்டி வைத்தாள். அவன் தெருமுனை திரும்பியதும் மங்கையின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "கிளம்புடி. அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சா அவருக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடலாம்."

முப்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் ஓடப் பழகுவதை மண்டபத்தூர் அதுவரை பார்த்ததில்லை. உத்திராபதி காரைக்கால் மேரியில் குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நகரசபை ஆபீசை ஊர் இன்னும் மேரி என்றுதான் சொல்கிறது. உட்கார்ந்து எழுதியே தொப்பை போட்டவன். தை அறுப்பு முடிந்த வாரம் ஒரு நாள் திடீரென்று ஓடக் கிளம்பி, மாரியம்மன் கோயில் குளத்தோடு நின்று வாந்தியெடுத்தான். களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர்கள் கை கொட்டிச் சிரித்தார்கள். ராஜம் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பெண்ணைப் பறிகொடுத்த துக்கம் இத்தனை நாள் கழித்துப் புருஷன் தலைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்தாள்.

ஓடுகிற வித்தையைச் சொல்லிக்கொடுத்தவன் தாவூது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து திரும்பியவன். அவன்தான் ஒரு நாள் சாலையில் வழிமறித்து, "எடுத்த எடுப்புல இப்படிப் பாய்ஞ்சீங்கன்னா நெஞ்சு வெடிச்சுடும். ஓடுறப்ப வாய் பேச முடியணும். பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு புளியமரத்திலிருந்து அடுத்த புளியமரம் வரை ஓட்டம், அங்கிருந்து இன்னொரு மரம் வரை நடை. சித்திரையில் ஒரு கிலோமீட்டர் கல் வரை நடக்காமல் ஓடினான். ஆனியில் மூன்று கல். மற்ற நாளெல்லாம் குறைச்சலாக ஓடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரமாகப் போவான். அதிலும் போன ஞாயிறைவிட அரைக் கல்லுக்கு மேல் கூட்ட மாட்டான். ஆடியில் கணுக்கால் வீங்கிப் பத்து நாள் படுத்தான். எழுந்ததும் மறுபடியும் புளியமரத்திலிருந்து ஆரம்பித்தான். சிரித்த ஊரே இப்போது, "இன்னைக்கு எத்தனை கல்லு?" என்று விசாரிக்கிறது.

நவம்பர் முதல் தேதி ஓட்டப் போட்டி. வடக்கே பூவம் எல்லையில் கிளம்பித் தெற்கே வாஞ்சூர் எல்லை வரை, காரைக்கால் சீமையை நெடுக அளந்துவிடுகிற தூரம். உத்திராபதி பேர் கொடுத்திருந்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை எட்டுக் கல்லும் எங்கேயும் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அது ஏன் என்று ராஜம் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தாள்.

ஐம்பத்திரண்டில் அந்தக் கார்த்திகைப் புயல் ஓய்ந்த விடியற்காலை. நாலு வயதுப் புனிதா தொண்டை அடைப்பான் கண்டு, இரண்டு ராத்திரியாக மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். சாலையில் மரத்துக்கு மேல் மரம். வண்டி போகாது, சைக்கிள் உருளாது. உத்திராபதி ஐந்து மணிக்கு டாக்டரை அழைத்துவர ஓடினான். டாக்டரோடு வந்து சேர்ந்தபோது பகல் ஒரு மணி. குழந்தை ஒன்பது மணிக்கே போய்விட்டிருந்தாள்.

"டாக்டர் ஆஸ்பத்திரியில இல்ல ராஜம். எங்கேயோ போயிட்டார். வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுக் கிடந்தேன்" என்று அன்றைக்கு அவன் சொன்னான்.

அன்று முதல் டாக்டர் நெய்னா முகம்மது பேரைக் கேட்டாலே ராஜத்துக்கு உடம்பு எரியும். அவருடைய கறுப்புக் கார் சாலையில் போனால் மண்ணை வாரித் தூற்றுவாள். கோயிலில் நின்று, அந்த மனுஷன் குலம் விளங்கக் கூடாது என்று வேண்டியிருக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை மருத்துவச்சி காசியம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "மூணு மாசம் முடிஞ்சிருக்கு தாயி. பயப்படாதே, நல்லா நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராஜம் அதை உத்திராபதியிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தாள். எந்த வாசலில் அவன் காத்துக் கிடந்து நேரம் கடந்து போயிற்றோ, அந்த வாசலிலேயே சொல்ல வேண்டும் என்று ஓர் ஆசை. அதற்காகத்தான் பட்டுப்புடவை.

பஸ்ஸில் கூட்டமில்லை. கோட்டுச்சேரி தாண்டும்போது மங்கை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள்.

"அண்ணி, அண்ணன்!"

ராஜம் தலையைக் குனிந்துகொண்டு முந்தானை மறைவில் பார்த்தாள். சாலையோரத்தில், சீரான அடியில், தோள் குலுங்காமல் உத்திராபதி ஓடிக்கொண்டிருந்தான். தொப்பை எங்கேயோ போயிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் இத்தனை அழகாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. உதடு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது.

"யாரோட பேசிக்கிட்டு வர்றாரு?"

"பேச்சு நிக்கக் கூடாதுன்னு தாவூது சொல்லியிருக்காருல்ல? தேவாரம் சொல்வாங்களா இருக்கும்" என்றாள் மங்கை.

பஸ் அவனைக் கடந்து போயிற்று.

ஆஸ்பத்திரி வாசலில் இவர்கள் இறங்கியபோது வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. மங்கை கொண்டுவந்த துண்டையும் பானகச் செம்பையும் வைத்துக்கொண்டு சாலைப் பக்கம் போய் நின்றாள். ராஜம் கேட் ஓரமாக நின்றாள்.

வராந்தாவிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையில் குல்லா, தாடி முழுக்க நரை. அவரை இத்தனை கிட்டத்தில் ராஜம் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் மடியில் புனிதா கிடந்தாள்.

"யாரும்மா? உள்ள உங்க ஆளுங்க யாரும் கிடக்கிறாங்களா?"

பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். நல்ல நாள் இது. ஆனால் மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்தது தானாகப் புறப்பட்டு வந்துவிட்டது.

"என்னைத் தெரியுதுங்களா? மண்டபத்தூர். புயலடிச்ச மறுநாள் வந்தீங்களே."

அவர் உற்றுப் பார்த்தார். பிறகு குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாலு வயசுப் புள்ள. தொண்டை அடைப்பான். மறக்கலம்மா."

"அன்னைக்கு விடியக்காலம் நீங்க எங்க போயிருந்தீங்க? எதுக்காக எம்புருஷனை அத்தனை நேரம் இந்த வாசல்ல நிக்க வச்சீங்க?"

டாக்டருக்குப் புரியவில்லை. "எங்கம்மா போறது? புயல் அடிச்சதுலேர்ந்து மூணு நாள், உங்க வீட்டுக்கு வந்ததைத் தவிர, நான் இந்தக் கட்டடத்தை விட்டு நகரல. கூரை விழுந்தவங்க, மரம் விழுந்தவங்கன்னு இந்தத் தாழ்வாரம் பூரா ஆளு. உங்க வீட்டுக்காரர் வந்தப்ப மணி பத்தரை. ஒரு பிரசவம் பார்த்துட்டுக் கையைக் கழுவிக்கிட்டு நின்னேன். அவர் சொன்னதும் பையைத் தூக்கிக்கிட்டு அப்படியே கிளம்பிட்டேன்."

"பத்தரையா?"

"ஆமா. புள்ள பொறந்த நேரத்தை அப்பத்தான் எழுதினேன். அதனால ஞாபகம் இருக்கு."

"அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாருங்க."

சொல்லக் கூடாத எதையோ சொல்லிவிட்டோம் என்று டாக்டருக்குப் பட்டிருக்க வேண்டும். குல்லாவைக் கையில் சுழற்றினார். "வழியெல்லாம் மரம்மா. இடுப்பளவு தண்ணி வேற..."

"உங்களைக் கூட்டிக்கிட்டு அதே மரத்தையும் தண்ணியையும் தாண்டி ரெண்டரை மணி நேரத்துல வந்துட்டாரே! ஆறரை, ஏழுக்கே அவர் இங்க வந்திருந்தா..."

"அப்படியெல்லாம் கேட்காதம்மா."

"சொல்லுங்க ஐயா."

"மருந்து கையிருப்பு இருந்துச்சு. நீங்க சொல்ற நேரத்துக்கே வந்திருந்தாலும் நான் அங்க வந்து சேர ஒம்போது, ஒம்போதரை ஆகியிருக்கும். போட்டுப் பார்த்திருப்பேன். அதுக்கு மேல அல்லாதான் அறிவான்."

"அண்ணன் வந்துட்டாங்க! அண்ணி, அண்ணன் வந்துட்டாங்க!" என்று சாலையிலிருந்து மங்கை கத்தினாள்.

உத்திராபதி வந்தான். கடைசிப் பத்தடியில் வேகத்தைக் கூட்டி, இரண்டு கையாலும் ஆஸ்பத்திரிக் கேட்டைத் தொட்டான். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். நிமிர்ந்தபோது ராஜத்தைப் பார்த்துவிட்டான். வர வேண்டாம் என்று சொன்னதெல்லாம் அவனுக்கு மறந்து போயிற்று. சிறுபிள்ளை மாதிரி சிரித்தான்.

"நிக்கல ராஜம்! ஒரு இடத்துல நிக்கல!"

ராஜம் அவனையே பார்த்தாள்.

"அன்னைக்கு எங்க நின்னீங்க?"

சிரிப்பு இன்னும் அவன் முகத்தில் இருந்தது. அப்புறம்தான் அவள் தோளுக்குப் பின்னால் நின்ற டாக்டர் அவன் கண்ணில் பட்டார்.

மங்கை நீட்டிய பானகச் செம்பை அவன் வாங்கவில்லை. கேட் தூணைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான்.

"வரிச்சிக்குடி தாண்டி ஒரு மதகு இருக்கே, அங்க. வீட்டு வாசல்லேர்ந்து வெறி பிடிச்ச மாதிரி ஓடினேன் ராஜம். மரத்தைத் தாண்டித் தாண்டி ஓடினேன். மதகுகிட்ட வர்றப்ப நெஞ்சு அடைச்சுக்கிச்சு. கண்ணு இருட்டிப் போச்சு. ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்துக்கலாம்னு மதகுக் கட்டையில உட்கார்ந்தேன். ரெண்டு ராத்திரி நாம ரெண்டு பேரும் கண்ணைக் கொட்டல. அப்படியே..."

"அப்படியே?"

"தூங்கிட்டேன்."

மங்கை கையிலிருந்த செம்பு சாய்ந்து பானகம் தரையில் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"முழிச்சப்ப வெயில் முகத்துல அடிச்சுது. மறுபடியும் ஓடினேன். டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வீட்டுக்குள்ள வந்து பார்த்தா நீ அவளை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. 'ஏங்க இவ்வளவு நேரம்'னு கேட்டே. என்னால சொல்ல முடியல ராஜம். வாயில அதுதான் வந்துச்சு. டாக்டர் இல்லைன்னு."

கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மெதுவா ஓடியிருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன். இந்த எட்டு மாசத்துலதான் அது எனக்குத் தெரிஞ்சுது. பேசுற வேகத்துல ஓடியிருந்தா, ஒரு மரத்துக்கு ஓடி ஒரு மரத்துக்கு நடந்திருந்தாக்கூட, போய்ச் சேர்ந்திருப்பேன். அப்ப எனக்கு ஓடத் தெரியல. ஒவ்வொரு நாளும் அவகிட்டதான் பேசிக்கிட்டே ஓடுறேன். 'வந்துட்டேன்டா கண்ணு, இதோ வந்துட்டேன்'னு சொல்லிக்கிட்டே."

ராஜத்தின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"தூங்கினதுக்கு உங்களை நான் என்ன சொல்லப்போறேன்? மனுஷ உடம்புதானே. அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். நீங்க என்ன பண்ணினீங்க? மூணு வருஷம் என்னைத் தனியா அழவிட்டீங்க. நான் இந்த மனுஷர் மேல மண்ணை வாரித் தூத்தினப்ப பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தீங்களே! கோயில்ல நின்னு இவர் குலத்தைச் சபிச்சேனே, அதையும் காதால கேட்டீங்களே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'வேணாம் ராஜம்'னு என் கையைப் பிடிச்சீங்களா?"

அவள் திரும்பி டாக்டர் காலடியில் விழப் போனாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

"அட, என்னம்மா இது! எழுந்திரு, எழுந்திரு. புள்ளையைத் தொலைச்ச தாய் எதைப் பேசினாலும் அது யாரையும் ஒட்டாது. நீ எழுந்திரு."

எழுந்தாள். புடவையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகப் பொத்தி வைத்த சேதி தொண்டை வரை வந்து நின்றது. அதை அங்கே சொன்னால் இந்த மனிதனுக்கு மன்னிப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"மங்கை, அண்ணனைப் பார்த்துக்க."

"அண்ணி, நீங்க எங்க போறீங்க?"

ராஜம் சாலையில் இறங்கி நடந்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வரிச்சிக்குடி நெருங்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மதகு வந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்புக் கட்டை. அடியில் கலங்கல் தண்ணீர். எத்தனை நூறு தடவை இந்த வழியாகப் போயிருப்பாள்! கட்டையின் மேல் யாரோ ஒருவர் குடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் நொடியில் தாண்டிவிட்டது. வீட்டிலிருந்து மூன்றே கல். அந்தக் காலை நேரத்தில், அடுப்படியில் விளக்கை ஏற்றி வைத்து, குழந்தையின் நெஞ்சைத் தடவிக்கொண்டு, இந்நேரம் தலத்தெரு போயிருப்பார், இந்நேரம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்திருப்பார் என்று அவள் மனதால் அவனோடு ஓடிக்கொண்டிருந்தாள். அவன் இங்கே கிடந்திருக்கிறான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"மண்டபத்தூர்ல இறங்குறவங்க!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. "பொறையாறு வரைக்கும் போறேங்க" என்றாள்.

பஸ் பூவத்தைக் கடந்து, நண்டலாற்றுப் பாலம் ஏறி இறங்கியது. போன வருஷம் வரை அங்கே எல்லைச் சாவடி இருந்தது. இரண்டு சர்க்கார் போலீஸ்காரர்களும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள். இப்போது யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.

பொறையாற்றில் அவளுடைய அம்மாவும் தம்பி சுவாமிநாதனும் இருந்தார்கள். தம்பிக்குக் கடைத்தெருவில் சைக்கிள் கடை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் திரும்பி வராத வாடகைச் சைக்கிளைத் தேடி எங்கேயோ போயிருந்தான். அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாடி! சொல்லாம கொள்ளாம வந்திருக்கே? மாப்பிள்ளை வரல?"

"போட்டிக்குப் பத்து நாள்தாம்மா இருக்கு. ஓடுறதுக்கே நேரம் சரியாப் போவுது."

அம்மா அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பட்டுப்புடவையை ஒரு தரம் பார்த்தாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எத்தனை மாசம்டி?"

ராஜம் திடுக்கிட்டாள். "மூணு" என்றாள்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மாரியாத்தா! கண்ணைத் திறந்துட்டாளே. மாப்பிள்ளைகிட்ட சொன்னியா? என்ன சொன்னார்?"

"சொல்லிட்டேம்மா. ரொம்ப சந்தோஷப்பட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாய் சொன்னது அவள் காதில் விழுந்தது.

எவ்வளவு லேசாக வந்துவிட்டது! யோசிக்கவில்லை, தயங்கவில்லை. அம்மாவின் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அதை அணைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். அன்றைக்கு நிலைப்படியில் நனைந்துபோய் நின்றவனைப் பார்த்து, 'ஏங்க இவ்வளவு நேரம்' என்று கேட்டபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதன்முதலாக அவள் நினைத்துப் பார்த்தாள்.

அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று இல்லை. அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அதோடு இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா கொடுத்த காப்பியை வாயில் வைக்காமல் ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் உலை கொதித்தது. மணி பத்தைத் தாண்டியிருக்கும். வாசலில் சைக்கிள் வந்து விழுகிற சத்தம் கேட்டது. சுவாமிநாதன் உள்ளே ஓடி வந்தான்.

"அக்கா, நீ இங்கதான் இருக்கியா! அத்தான் பாலத்துல உட்கார்ந்திருக்காரு."

"எந்தப் பாலத்துல?"

"நண்டலாத்துப் பாலத்துல. அந்தக் கரை முனையில. ஜோட்டுக்கு வெளிய ரத்தம் கசியுது. காரைக்கால்லேர்ந்து ஓடி வந்தாராம்! வீடு பூட்டிக் கிடக்கவும் நீ இங்கதான் வந்திருப்பேன்னு தோணிச்சாம். பாதி தூரம் நடந்துதான் வந்தேங்கிறாரு. கையைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தேன், பாலத்தைத் தாண்ட மாட்டேங்கிறாரு. 'உங்கக்காகிட்ட நான் வரலாமான்னு கேட்டுக்கிட்டு வா, அவ சொன்னா வர்றேன், இல்லைன்னா இப்படியே திரும்பிடுறேன்'னு சொல்றாரு. என்னக்கா இது? என்ன நடந்துச்சு உங்களுக்குள்ள?"

ராஜம் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். காலையில் ஓடிய எட்டு. அங்கிருந்து பாலத்துக்குப் பத்துக்கு மேல். இதுவரை அவன் ஒரு நாளும் போகாத தூரம். அவளை அறியாமலே மனம் கல்லை எண்ணியது. இந்த எட்டு மாதத்தில் அது அவளுக்கும் பழக்கமாகியிருந்தது.

"அதானே பார்த்தேன்! சண்டை போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "நல்ல சேதி சொன்ன அன்னைக்குப் போடுற சண்டையாடி இது? டேய் சாமி, அவ கிடக்கிறா. போய் அத்தானைக் கையோட கூட்டிக்கிட்டு வா. உங்கக்கா முழுகாம இருக்கா, தெரியுமா? போறப்ப கடையில கல்கண்டு வாங்கிக்கிட்டுப் போய் அத்தான் வாயில முதல்ல போடு."

"அக்கா! நிஜமாவா?"

அவன் பதிலுக்கு நிற்கவில்லை. துள்ளிக் குதித்து வாசலுக்கு ஓடினான். சைக்கிளை நிமிர்த்தும் சத்தம்.

"சாமி, இருடா!" என்று ராஜம் எழுந்தாள். "இரு, நானே..."

அதற்குள் மணி அடித்துக்கொண்டே சைக்கிள் தெருவைத் தாண்டிவிட்டது.

"ஏன்டி பதறுறே? மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச விஷயம்தானே?" என்றாள் அம்மா.

ராஜம் வாசலுக்கு வந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைத்தெருவில் கல்கண்டு வாங்க இரண்டு நிமிஷம். அங்கிருந்து பாலத்துக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம்கூட ஆகாது. தான் சொல்லாமல் விழுங்கிவிட்டு வந்த சேதி, காலில் ரத்தத்தோடு பாலத்து முனையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதனிடம் இன்னொருவர் வாய்வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு அவன் எழுந்து நிற்பானா, மறுபடியும் அப்படியே உட்கார்ந்துவிடுவானா? ராஜம் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கும்போது அவன் மனம் என்ன பாடு படும்?

"வெந்நீர் போட்டு வைக்கட்டுமா? அத்தனை தூரம் ஓடி வந்த கால் என்ன கதியில இருக்கோ" என்று உள்ளிருந்து அம்மா கேட்டாள்.

ராஜம் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டாம் தரமும் கேட்டாள்.

"போடும்மா" என்றாள் ராஜம். "பெரிய அண்டாவுல போடு. உப்பு கொஞ்சம் கூடவே போடு."